டோர் பேடைக் கழற்றினால் கிளிப் உடைந்துதான் ஆகுமா?

"பட்" என்று ஒரு சத்தம் கேட்கும். கார்க் கதவின் உள்பக்கம் இருக்கும் அட்டையை மெக்கானிக்குகள் டோர் பேட் என்பார்கள். அதை யாராவது பிடித்து இழுக்கும்போது வருகிற சத்தம் அது. வண்டிக்காரர் பக்கத்தில் நின்றால் முகம் சுருங்கும். "கிளிப்தான் சார், அது உடையத்தான் செய்யும்" என்று சமாதானம் வரும். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

என் ஹேட்ச்பேக்கின் பின்கதவில் ஸ்பீக்கர் மாற்றக் கொடுத்தபோது எனக்கும் இதே பதில்தான். ஒரு வாரம் கழித்து, வேகம் அறுபதைத் தாண்டினாலே அந்தக் கதவு மட்டும் வண்டு புகுந்தது மாதிரி இரைய ஆரம்பித்தது. நானே பேடைத் திறந்து பார்த்தேன். ஒன்பது கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் முழுசாக இருந்தவை நான்கு. மூன்று இடங்களில் பசையை ஊற்றி ஒட்டியிருந்தார்கள். மீதி இரண்டில் பேடைத் துளைத்து, கதவுத் தகட்டிலேயே ஸ்க்ரூ இறக்கியிருந்தார்கள். அதில் ஒன்று கண்ணாடி ஏறி இறங்கும் பாதையிலிருந்து ஒரு விரல் தூரத்தில் இருந்தது.

இந்தக் கிளிப் விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி, "ஒரு தடவை கழற்றினால் போச்சு, எல்லாமே புதுசு போடணும்" என்று சொல்லும். இன்னொன்று, "பிளாஸ்டிக்தானே, அமுக்கினால் உட்காரும்" என்று சொல்லும். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி, எந்தக் கிளிப்புக்குப் பொருந்தும் என்பது, கிளிப் எதனால் பிடித்து நிற்கிறது என்று புரிந்தால்தான் விளங்கும். வண்டி வேலையே தெரியாதவர்களுக்காக அடியிலிருந்து தொடங்குகிறேன்.

ட்ரிம் என்ற சொல் அடிக்கடி வரும். காரின் இரும்பு உடம்பை மூடி மறைக்கிற பிளாஸ்டிக், துணி, அட்டைப் பாகங்கள் எல்லாம் ட்ரிம். டோர் பேட், பம்பர், சக்கரத்துக்கு மேல் உள்ளே வளைந்திருக்கும் லைனர், வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்பு கிரில் எல்லாம் இதில் சேரும். இவற்றை உடம்போடு பிணைத்து வைக்கிற சின்னப் பிளாஸ்டிக் துண்டுதான் கிளிப்.

ஆணி வேறு, கிளிப் வேறு

சுவரில் அடித்த ஆணி ஏன் நிற்கிறது? சுவர் அதை நாலு பக்கமும் நெருக்குகிறது. பிடுங்க வேண்டுமானால் அந்த நெருக்கத்தைவிட நம் பலம் அதிகமாக இருக்க வேண்டும். கிளிப்பையும் நாம் ஆணி மாதிரியே நினைத்துக்கொள்கிறோம். உள்ளே போய் இறுகிக்கொண்டிருக்கிறது, பலமாக இழுத்தால் வந்துவிடும் என்று நினைப்பு.

பிள்ளைகளின் ஸ்கூல் பையில் இருக்கும் பிளாஸ்டிக் பக்கிளை எடுத்துப் பாருங்கள். செருகும்போது இரண்டு பக்கக் கைகளும் உள்ளே மடங்கும். முழுசாக உள்ளே போனதும் "டக்" என்று விரிந்து, பக்கவாட்டுச் சந்தில் போய் நின்றுகொள்ளும். அதற்கப்புறம் அதில் எந்த இறுக்கமும் இல்லை. கொஞ்சம் ஆடக்கூடச் செய்யும். ஆனால் வாரைப் பிடித்து எவ்வளவு இழுத்தாலும் வராது. இரண்டு பக்கமும் விரலால் அமுக்கினால் ஒரு குழந்தைகூடக் கழற்றிவிடும். குடையும் இதே கதைதான். கம்பியில் துருத்தி நிற்கும் சின்னத் தகட்டை அமுக்காமல் குடையை மடக்கப் பார்த்தால் குடைதான் கெடும்.

வளைந்து கொடுத்து உள்ளே போய், விரிந்து நின்று பிடிக்கிற இந்த முறைக்கு ஸ்னாப் பிடிப்பு என்று பெயர். கார்க் கிளிப்புகளில் முக்கால்வாசி இதைத்தான் நம்பியிருக்கின்றன.

சரி, உள்ளே போவது சுலபமாகவும் வெளியே வருவது கஷ்டமாகவும் இருப்பது எப்படி? வீட்டு வாசலில் ஸ்கூட்டர் ஏற்ற ஒரு சிமெண்ட் சரிவு போட்டிருப்போம். அதில் வண்டி தானாக ஏறிவிடும். அதே உயரம் செங்குத்தான படியாக இருந்தால் சக்கரம் முட்டி நின்றுவிடும். கிளிப்பின் கைக்கு இரண்டு பக்கமும் உண்டு. உள்ளே நுழைகிற பக்கம் மெதுவான சரிவு. சுமார் 30 டிகிரி இருக்கும். வெளியே வருகிற பக்கம் அதைவிடச் செங்குத்து. அது 45 டிகிரி அளவில் இருந்தால் கொஞ்சம் பலம் கொடுத்து நேராக இழுக்க வந்துவிடும். 90 டிகிரியாக இருந்தால் கையை அமுக்கி விடுவிக்காமல் வராது. இழுத்தால் உடைந்துதான் வரும்.

ஆகவே "உடையத்தான் செய்யும்" என்பது கிளிப்பின் குணம் இல்லை. அதைச் செய்தவர் எந்தச் சரிவை வைத்தார், எப்படிக் கழற்றச் சொல்லி வைத்தார் என்பதைப் பார்க்காமல் இழுத்ததன் பலன்.

இதற்கு ஒரு பழைய உறவுமுறை இருக்கிறது. சட்டையிலும் ஜாக்கெட்டிலும் வரும் டிச் பட்டனும் ஸ்னாப் பிடிப்புதான். பிரான்ஸில் கிரெனோபிள் என்ற ஊர் கையுறைக்குப் பேர் போனது. அங்கே 1865ல் தொடங்கிய ரேமண்ட் குடும்பத்து நிறுவனம் 1886ல் கையுறைக்கான அழுத்துப் பொத்தானுக்குக் காப்புரிமை வாங்கியது. நம்ம ஊர் கோட்டு சூட்டு ரேமண்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதே கிரெனோபிள் நிறுவனம் இன்று உலகம் பூராவும் கார்களுக்குக் கிளிப் செய்து விற்கிறது. கையுறைப் பொத்தான் கார்க் கதவுக்குள் வந்த பாதை அப்படி ஒன்றும் கோணல் இல்லை.

இதுவரை பார்த்தது: கிளிப் பிடிப்பது இறுக்கத்தால் அல்ல, வளைந்து விரியும் கைகளால். அந்தக் கைகள் மறுபடி மடங்க வழி செய்தால் பலமே தேவையில்லை.

தலையைப் பார், காலைத் தெரிந்துகொள்

கிளிப் மாட்டியிருக்கும்போது நமக்குத் தெரிவது அதன் தலை மட்டும்தான். கால்கள் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஆனால் தலையை நிதானமாகப் பார்த்தாலே எந்த வகை என்று சொல்லிவிடலாம்.

அதிகமாகக் கண்ணில் படுவது புஷ் பின். பம்பரின் மேல்விளிம்பு, எஞ்சினுக்கு அடியில் இருக்கும் தட்டு, சக்கர லைனர் எல்லா இடத்திலும் கறுப்பு வட்டமாக இருக்கும். சுவரில் அலமாரி மாட்டும்போது துளை போட்டு ஒரு பிளாஸ்டிக் பிளக் செருகுவார்கள் அல்லவா? பிளக் மட்டும் இருக்கும்போது விரலாலேயே உருவிவிடலாம். ஸ்க்ரூ உள்ளே போகப் போக அதன் கால்கள் விரிந்து சுவரைக் கவ்வும். புஷ் பின் அதன் தம்பி. பிளவுபட்ட கால்களோடு ஒரு கூடு, நடுவில் ஒரு குச்சி. குச்சி தன் இடத்தில் இருந்தால் கால்கள் விரிந்திருக்கும். குச்சி விலகினால் கால்கள் ஒடுங்கும். கூட்டை நெம்பிப் பிடுங்குவது, ஸ்க்ரூவைக் கழற்றாமல் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குகிற மாதிரி.

குச்சியை விலக்குவதில்தான் மூன்று விதம். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்.

முதல் விதத்தில் தலை இரண்டடுக்காக இருக்கும். மேலடுக்கின் ஓரத்தில் நகம் நுழைகிற அளவுக்குச் சின்ன வெட்டு தெரியும். அந்த வெட்டில் தட்டையான டிரைவரை நுழைத்து மேலடுக்கை மட்டும் தூக்க வேண்டும். சில மில்லிமீட்டர் எழும்பி ஒரு இடத்தில் நிற்கும். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். குச்சியின் மெலிந்த இடுப்பு இப்போது கால்களுக்கு நடுவே வந்திருக்கும், கால்கள் ஒடுங்கியிருக்கும். இனிமேல்தான் கூட்டோடு சேர்த்து எடுக்க வேண்டும்.

இரண்டாவது விதம் இதற்கு நேர் எதிர். தலையில் வெட்டு எதுவும் இருக்காது. நடுவில் ஒரு சின்ன வட்டம், கூட்டோடு சமமாகவோ லேசான குழியாகவோ இருக்கும். இதை நெம்பக் கூடாது, அமுக்க வேண்டும். மொட்டையான ஏதாவது ஒன்றால், நான் பேனா ரீஃபிலின் பின்பக்கத்தால் செய்வேன், இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் "டிக்" என்று இறங்கும். கால்கள் ஒடுங்கிவிடும். அதிக ஆர்வத்தில் தள்ளிக்கொண்டே போனால் குச்சி மறுபக்கம் விழுந்து பம்பருக்குள் தொலைந்துபோகும். காந்தத்தை விட்டுத் தேடலாம் என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது; அது பிளாஸ்டிக் என்பது அடுத்த கணம் நினைவுக்கு வந்தது.

மூன்றாவது விதத்தில் குச்சியின் தலையில் கூட்டல் குறி இருக்கும். ஸ்டார் டிரைவரால் மெல்லத் திருப்பினால் குச்சி எழும்பி வரும். பழைய வண்டியில் குச்சியோடு கூடும் சேர்ந்து சுற்றும், எவ்வளவு திருப்பினாலும் எழும்பாது. அப்போது கூட்டின் தலைக்கு அடியில் எதையாவது நுழைத்து லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். மேலிருந்து டிரைவரைப் பலமாக அழுத்தினால் குச்சி இன்னும் உள்ளே போகும், பள்ளமும் வழுக்கிப்போகும்.

மூன்றுக்கும் பொதுவான பகை மண். சக்கர லைனரில் இருக்கும் புஷ் பின்னின் கால் பிளவுக்குள் சேறு புகுந்து காய்ந்து கல்லாகியிருக்கும். குச்சி விலகினாலும் கால்கள் ஒடுங்க இடம் இருக்காது. இங்கே பலம் காட்டினால் கண்டிப்பாக உடையும். சோப்புத் தண்ணீர் ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு அப்புறம் கை வையுங்கள். நான் லைனர் கழற்றுவதற்கு முந்தின நாள் வண்டியை வாட்டர் வாஷுக்கு விட்டுவிடுவேன்.

அடுத்தது மரக் கிளிப். தண்டைச் சுற்றி அடுக்கடுக்காகச் சின்னச் சிறகுகள், ஊசியிலை மரத்தைக் கவிழ்த்துப் பிடித்த மாதிரி. டிக்கி உறை, பானெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு விரிப்பு போன்ற இடங்களில் வரும். இது தூண்டில் முள்ளின் உறவு. போகும்போது சிறகுகள் பின்னோக்கிப் படுத்துக்கொண்டு போகும். இழுக்கும்போது நிமிர்ந்து தடுக்கும். இதற்கு விடுவிக்கும் வழி என்று ஒன்று வைக்கவே இல்லை. வெளியே வர வேண்டுமானால் சிறகுகள் எதிர்ப்பக்கம் புரண்டாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஓரிரு சிறகு தளரும். "ஒரு தடவையோடு சரி" கட்சிக்கு இங்கே கொஞ்சம் நியாயம் உண்டு.

டோர் பேட் கிளிப் கடைசி. இதற்கு இரண்டு முனை. ஒரு முனை தட்டையான கழுத்தோடு பேடின் பின்பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் கூண்டில் பக்கவாட்டாகச் செருகி நிற்கும். இன்னொரு முனை வில்கைகளோடு கதவுத் தகட்டின் துளைக்குள் போகும். பெரும்பாலும் நேராக இழுத்தால் வருகிற சரிவோடு செய்தது. கழற்றிப் போடுவார்கள் என்று தெரிந்தே செய்த கிளிப் இது. அப்புறம் ஏன் இதுதான் அதிகம் உடைகிறது? அதற்குப் பிளாஸ்டிக்கைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

பச்சை ஈர்க்கும் காய்ந்த ஈர்க்கும்

தென்னை ஓலையிலிருந்து அப்போதுதான் உருவிய ஈர்க்கை வளைத்தால் வட்டமாகவே வளையும், விட்டால் நிமிரும். நாலு மாதம் வெயிலில் கிடந்த விளக்குமாற்று ஈர்க்கு சடக்கென்று ஒடியும். கிளிப்பும் இப்படித்தான்.

வளைத்துவிட்டதும் பழைய வடிவுக்கே திரும்புவதை மீள்தன்மை என்பார்கள். எந்தப் பொருளுக்கும் இதற்கு ஒரு எல்லை உண்டு. எல்லைக்குள் எத்தனை தடவை வளைத்தாலும் கிளிப்புக்குப் பெரிய நஷ்டம் இல்லை. எல்லையைத் தாண்டினால் கை வளைந்தபடியே நின்றுவிடும். பிளாஸ்டிக் இதை மறைக்காது. வளைந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழும். பழைய ஸ்கேலை மடக்கும்போது வெளுக்குமே, அதேதான். வெள்ளைக் கோடு விழுந்த கிளிப் உள்ளுக்குள் ஏற்கெனவே கிழிய ஆரம்பித்துவிட்டது.

பெரும்பாலான கிளிப்புகள் நைலான், அசிட்டால், பாலிப்ரொப்பிலீன் மூன்றில் ஏதாவது ஒன்றால் ஆனவை. நைலான் 1935ல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு உண்டாக்கியது. அதற்கு ஒரு வினோதமான பழக்கம் உண்டு: தண்ணீர் குடிக்கும். கிளிப்புகளில் அதிகம் புழங்கும் நைலான் 66, காற்றில் 50% ஈரப்பதம் இருந்தால் தன் எடையில் சுமார் 2.5% நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த நீர்தான் அதை இளக்கமாக, உடையாததாக வைத்திருக்கிறது. ஒயர் கட்டுகிற கேபிள் டைகளை மூடிய பாக்கெட்டிலேயே வைத்திருக்கச் சொல்வதும் இதனால்தான். திறந்து போட்டுக் காய்ந்துபோன டை, இழுக்கும்போதே தெறிக்கும்.

எஞ்சின் சூட்டில் வருடக்கணக்கில் இருக்கிற கிளிப் இரண்டு விதத்தில் கெடுகிறது. ஒன்று, காய்கிறது. இரண்டு, சூடும் ஆக்சிஜனும் சேர்ந்து அதன் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளையே வெட்டுகின்றன. காய்ந்தது மட்டும் என்றால் தண்ணீரில் ஊறப்போட்டால் கொஞ்சம் இளகும். சங்கிலி வெட்டுப்பட்டதை ஊறவைத்துப் பயனில்லை. பானெட்டைத் திறந்தவுடன் தெரிகிற கிளிப்புகள் பத்து வருடம் ஓடின வண்டியில் எப்படிக் கழற்றினாலும் உதிர்வது இதனால்தான். அங்கே கையின் மேல் குற்றமில்லை.

இன்னொரு தேய்மானம் கண்ணுக்கே தெரியாது. ஊறுகாய் ஜாடி வாயில் துணியைக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டு ஆறு மாதம் விட்டால், எடுக்கும்போது அது தொளதொளவென்று இருக்கும். இழுபட்டபடியே கிடந்ததில் இழுவை மறந்துபோகும். பிளாஸ்டிக்கும் ஒரே நிலையில் வளைந்து கிடந்தால் அந்த வளைவுக்கே பழகிவிடும். இதைத் தொய்வு என்று வைத்துக்கொள்வோம். முன்பு சொன்னேனே, பக்கிள் உட்கார்ந்தபின் அதில் இறுக்கமே இல்லை என்று. நல்ல கிளிப்பை அப்படிச் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். வளைந்தபடி கிடக்காத கை தொய்யாது.

ஆக, மூன்று விஷயம்: எல்லை தாண்டினால் வெளுக்கும், சூட்டில் வெந்தால் உதிரும், வளைந்தே கிடந்தால் தொய்யும்.

மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்குகிற மாதிரி

இப்போது டோர் பேடுக்கு வருவோம்.

கிளிப்பைத் தொடுவதற்கு முன்னால் ஸ்க்ரூவைத் தேடுங்கள். எந்த டோர் பேடும் கிளிப்பை மட்டும் நம்பி இருக்காது. கதவை இழுத்துச் சாத்தும் கைப்பிடிக் குழியின் அடியில் ஒன்று, உள்கைப்பிடிக்குப் பின்னால் சின்ன மூடிக்குள் ஒன்று, இப்படி ஒளிந்திருக்கும். ஸ்க்ரூ ஒன்று பாக்கி இருக்கும்போது இழுத்தால் கிழிவது பேட்தான். கையால் சுற்றும் கண்ணாடிக் கைப்பிடி என்றால், அதன் பின்னால் லாட வடிவத்தில் ஒரு கம்பி பூட்டியிருக்கும். பழைய துணியைக் கைப்பிடிக்கும் பேடுக்கும் இடையே நுழைத்து, செருப்புக்குப் பாலிஷ் போடுகிற மாதிரி இரண்டு முனையையும் மாற்றி மாற்றி இழுத்தால் கம்பி தெறித்து வரும். தெறிக்கும் என்றால் நிஜமாகவே தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கிளிப். மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிறவர்கள் செடியின் நுனியைப் பிடித்துச் சாய்த்து இழுக்க மாட்டார்கள். அடியில் பிடித்து, மண்ணை அசைத்து, நேராகத் தூக்குவார்கள். சாய்த்து இழுத்தால் கிழங்கு மண்ணிலும் தண்டு கையிலும் நிற்கும். பேடின் ஓரத்தைப் பிடித்து இழுக்கும்போது நடப்பது அதுதான். கிளிப் துளைக்குள் சாய்கிறது. கிளிப்பின் இரண்டு கைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டிய பாரம் ஒரே கை மேல் விழுகிறது. அந்தக் கை ஒடியும். ஒடியாவிட்டால் பேடின் பின்னால் இருக்கும் கூண்டு பிய்ந்துவிடும். பின்னது பெரிய நஷ்டம். கிளிப் சில்லறைக் காசு, கூண்டு பிய்ந்தால் பேடையே மாற்ற வேண்டி வரலாம். என் கதவில் பசை ஊற்றியிருந்த மூன்று இடங்களும் கூண்டு பிய்ந்த இடங்கள்தான்.

அதனால் பலம் கிளிப்புக்கு நேர் பின்னால் விழ வேண்டும். இதற்கென்றே பிளாஸ்டிக்கில் நெம்புகோல் செட் கிடைக்கிறது, சில நூறு ரூபாய்தான். நுனி பாம்பு நாக்கு மாதிரி பிளந்திருக்கும் ஒன்று அதில் இருக்கும். பேடின் கீழ் மூலையில் தட்டையான நெம்புகோலை நுழைத்து இடைவெளி உண்டாக்கி, டார்ச் அடித்து முதல் கிளிப் எங்கே என்று பாருங்கள். பிளந்த நுனி கிளிப்பின் கழுத்தை இரண்டு பக்கமும் அணைக்கும்படி வைத்து நெம்பினால், அது நேராகக் கிளம்பி வரும். சத்தம் "பட்" என்றில்லாமல் "டொப்" என்று கேட்கும். கேட்டுப் பழகினால் வித்தியாசம் தெரியும். இரும்பு டிரைவரால்தான் செய்ய வேண்டிய கட்டாயம் என்றால் நுனியில் நாலு சுற்று டேப் சுற்றுங்கள், பெயிண்ட் தப்பிக்கும்.

முதல் கிளிப்தான் சிரமம். அது வந்தபின் அடுத்தடுத்தவற்றுக்கு விரல் நுழைய இடம் கிடைக்கும். ஒரு ஓரத்தை முழுசாக விடுவித்துவிட்டு அதைக் கைப்பிடியாக்கி மறு ஓரத்தைப் பிய்க்கிற சபலம் வரும். பழைய தப்புக்கே அது திரும்புகிற வழி.

அடியும் இரண்டு பக்கமும் விட்டபின் பேட் இன்னும் தொங்கும். பல வண்டிகளில் அதன் மேல்விளிம்பு கண்ணாடி ஓரத்தில் கொக்கி போட்டு மாட்டியிருக்கும். மேல்நோக்கித் தூக்கினால் வரும். தூக்கினதும் இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். பின்னால் பவர் விண்டோ ஒயரும் கைப்பிடிக் கேபிளும் கோர்த்திருக்கும்.

உள்ளே கறுப்புப் பிசினால் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் விரிப்பு இருக்கும். அதை அலட்சியமாகக் கிழிக்கிறவர்கள் நிறையப் பேர். மழையில் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு, அடியில் அதற்கு வடிகால் துளைகள் உண்டு. அந்தத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது இந்த விரிப்புதான். கிழித்தால் கார்த்திகை மாதத்தில் கால்மிதி நனைந்து கிடக்கும், காரணம் தேடி அலைவீர்கள். சில கிளிப்புகளின் கழுத்தில் ஒரு பஞ்சு வளையம் இருப்பதும் இதே வேலைக்குத்தான்.

மறுபடி போடலாமா?

கழற்றின கிளிப்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைக் கோடு இருக்கிறதா? கைகளை விரலால் அமுக்கிவிட்டால் முழுசாக நிமிர்கிறதா? இரண்டு கையும் ஒரே அளவுக்கு விரிந்திருக்கிறதா? சிறகோ, பஞ்சு வளையமோ காணாமல் போயிருக்கிறதா? புஷ் பின் என்றால் குச்சியைப் போட்டு எடுத்துப் பாருங்கள். உள்ளே போகும்போது ஒரு தடை தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் அது ஓட்டத்தில் கழன்று விழும்.

இதிலெல்லாம் தேறினால் தயங்காமல் மறுபடி போடலாம். மூன்று விதப் புஷ் பின்களையும் மறுபடி மறுபடி பயன்படுத்துவதற்காகத்தான் குச்சி வைத்துச் செய்திருக்கிறார்கள். டோர் பேட் கிளிப் ஒழுங்காகக் கழற்றினால் பல தடவை வரும். மரக் கிளிப்பை மட்டும் நான் நம்புவதில்லை. டிக்கி உறை மாதிரி பாரம் இல்லாத இடத்தில் இன்னொரு தடவை போடுவேன், அத்தோடு சரி.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதில் விளையாட்டு வேண்டாம். முன்கண்ணாடியின் இரண்டு பக்கமும் சாய்ந்து ஏறும் தூணிலும் கூரை ஓரத்திலும் திரை ஏர்பேக் மடித்து வைத்த வண்டிகள் உண்டு. ட்ரிம்மின் மேலேயே ஏர்பேக் என்று பொறித்திருக்கும். விபத்தில் அது கண் இமைப்பதற்குள் விரிந்து ட்ரிம்மைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அந்த இடத்துக் கிளிப்பின் வேலை, ட்ரிம்மை ஓரளவு திறக்கவிட்டு, ஆனால் பறந்து முகத்தில் அடிக்காமல் பிடித்து வைப்பது. இதற்காகப் பட்டை வைத்த தனிவகைக் கிளிப் போடுவார்கள். பல நிறுவனங்களின் சர்வீஸ் கையேடுகள் இதை ஒவ்வொரு தடவையும் புதிதாக மாற்றச் சொல்கின்றன. பார்க்க நன்றாக இருந்தாலும் பழையதைப் போடக் கூடாது. தொடங்குகிறவர்கள் அந்தத் தூணைத் தொடாமலே விட்டுவிடலாம்.

பசையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாலிப்ரொப்பிலீனிலும் அசிட்டாலிலும் சாதாரண உடனடிப் பசை சரியாக ஒட்டாது. மெழுகுத் தாளில் ஒட்டுகிற மாதிரி உரிந்து வந்துவிடும். ஒட்டுகிற இடத்தில் ஒட்டித் தொலைத்தால் அது இன்னும் மோசம். அடுத்த தடவை பேட் பிய்ந்துதான் வரும். தகட்டில் நேராக ஸ்க்ரூ இறக்குவது அதைவிடக் கெடுதல். துளை போட்ட இடத்தில் பெயிண்ட் போய்விடும், கடற்கரை ஊர்களில் அந்த இடம் துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது. உள்ளே ஒயரும் கண்ணாடியும் வேறு ஓடுகின்றன.

புதிது வாங்கும்போது

சென்னைக்காரர்களுக்கு ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் இருக்கின்றன. மற்ற ஊர்களில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு உடைந்த கிளிப்பைக் கையோடு கொண்டுபோங்கள். "இந்த வண்டிக்கு டோர் கிளிப்" என்று மட்டும் கேட்டால் ஏதோ ஒன்று கிடைக்கும். முக்கியமான அளவு மூன்று: துளையின் விட்டம், கிளிப் கவ்வ வேண்டிய மொத்தத் தடிமன், தலையின் அகலம். துளையை அளக்க வெர்னியர் வேண்டும் என்பதில்லை. டிரில் பிட்டின் வழவழப்பான பின்பக்கத்தைச் செருகிப் பாருங்கள். 8 மில்லிமீட்டர் பிட் கச்சிதமாகப் போய், 9 போகவில்லை என்றால் துளை 8தான். 7 மில்லிமீட்டர் கிளிப் அந்தத் துளையில் உட்காரத்தான் செய்யும். ஆனால் கதவு பாட ஆரம்பிக்கும். ஆன்லைனில் வரும் நூறு கிளிப் டப்பாவில் நம் வண்டிக்குப் பொருந்துவது பத்து இருந்தால் அதிர்ஷ்டம்.

திரும்ப மாட்டுவது

கழற்றும்போது சில கிளிப்புகள் பேடோடு வராமல் தகட்டிலேயே தங்கிவிடும். அவற்றை நோஸ் ப்ளையரால் நேராக எடுத்து, முதலில் பேடின் கூண்டில் செருகிவிடுங்கள். தகட்டில் விட்டுவிட்டு அதன்மேல் பேடை அறைந்தால் கூண்டு நசுங்கும். அமுக்கு வகைப் புஷ் பின் என்றால், உள்ளே தள்ளின குச்சியை அடியிலிருந்து மேலே தள்ளித் தலை துருத்தும்படி செய்த பிறகுதான் துளையில் வைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு "கிளிப் பிடிக்கவே மாட்டேங்குது" என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு.

பேடின் மேல்விளிம்பை முதலில் மாட்டித் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு கிளிப்பும் தன் துளைக்கு நேராக நிற்கிறதா என்று ஓரமாக எட்டிப் பாருங்கள். அப்புறம் உள்ளங்கையை வைத்து ஒவ்வொரு கிளிப்பாக அழுத்துங்கள். முஷ்டியால் குத்த வேண்டாம். சரிவு வேலை செய்யும், "டக்" என்று உட்காரும். எண்ணிக்கொண்டே வாருங்கள். ஒன்பது கிளிப்புக்கு ஒன்பது "டக்" கேட்க வேண்டும். எட்டுதான் கேட்டது என்றால், பேடை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள்: ஒன்பதாவது கிளிப் துளைக்குள் போகாமல் தகட்டின்மேல் மடங்கிப் படுத்திருக்கும்.